துடைக்காத மெமரியில் ஒரு நீல நாக்கு

அத்தியாயம் 4

படத்தை நேராகப் பிடித்துப் பார்த்தேன். பேய். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அப்போதும் பேய்தான், கொஞ்சம் சிரித்த முகமாக இருந்தது, அவ்வளவே.

"தம்பி, விளையாடாம அதை மேசைமேல வை," என்றார் அண்ணி.

வைத்தேன். பெரிய தாளில் அச்சடித்த புகைப்படம். ஒரு கூட்ட அறையின் பெரிய திரையை யாரோ செல்போனில் எடுத்தது. திரையின் மேல் பாதியில் ஓர் இதயத்தின் ஸ்கேன் படம் துல்லியமாக இருந்தது. கீழ்ப் பாதியில் ஏதோ ஒரு முகம். முகம் என்று சொன்னதே தாராளம். நீல நிறத்தில், ஒரு பக்கமாகச் சரிந்து, பிடித்து இழுத்த ரப்பர் மாதிரி நீண்டு கிடந்தது. ஆங்காங்கே பச்சைத் திட்டுகள். நடுவிலிருந்து அடர் நீலமாக ஏதோ ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"நேத்து மத்தியானம் நடந்தது இது," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த எம்.டி. கிராபிக்ஸ் கார்டு தயாரிக்கும் கம்பெனியின் முதலாளி. பளபளவென்று இருந்தார். ஷூவுக்கும் கன்னத்துக்கும் ஒரே பாலிஷைத்தான் போடுவார் போலிருக்கிறது. இரண்டு புருவங்களும் நடுவில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டிருந்தன. "ஆபரேஷன் தியேட்டர் திரைகளுக்கு எங்க கார்டை வாங்கறதா ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருந்தாங்க. டெமோ காட்டிக்கிட்டிருந்தோம். திடீர்னு இது வந்து நின்னுச்சு. நின்னது நகரல. தலைமை டாக்டரம்மா எழுந்து, 'இது எந்த உறுப்பு?'ன்னு கேக்கறாங்க மேடம்!"

எனக்குச் சிரிப்பு முட்டியது. அண்ணி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒயரைப் பிடுங்கிட்டு, 'இது ஒரு திருடியோட வேலை'ன்னு சொன்னேன். பின் வரிசையில உக்காந்திருந்தவளைக் கையைக் காட்டியே சொன்னேன்."

அந்தத் திருடிக்கு ஆபீஸ் வைத்திருந்த பெயர் கறார். கார்டைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளில் மெமரி கொடுக்கும் பகுதியை வடிவமைத்தவர். டெமோ ஓடிய லேப்டாப் எம்.டி.யுடையது. அன்று காலை அதில் டிரைவரைப் போட்டுக் கொடுத்தவரும் கறார்தான். அதற்கு முந்தைய நாள் எம்.டி.யின் அறையில், 'இது இன்னும் வெளியே காட்டற நிலையில இல்ல' என்று மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி சண்டையும் போட்டிருக்கிறார்.

"நான் கேக்கல. யாரோட படத்தையோ திருடிப் போட்டு வஞ்சம் தீர்த்துட்டா," என்று எம்.டி. ஒரு தாளை நீட்டினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு வேலையிலிருந்து விலகுவதாகத் தட்டச்சு செய்த ராஜினாமா. "சாயங்காலத்துக்குள்ள இதுல கையெழுத்து போட்டா போகட்டும். இல்லன்னா போலீஸ். எப்படிச் செஞ்சான்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்துடுங்க, அடங்கிடுவா."

"அந்த லேப்டாப்பைப் பாக்கலாமா?"

"பீரோவில பூட்டி வெச்சிருக்கேன். தடயம். யாரும் தொடக்கூடாது."

"தடயத்தைத் தொடறதுதான் சார் எங்க தொழில்," என்றேன்.

"அதுல என் சொந்த விஷயமெல்லாம் இருக்கு." எம்.டி.யின் காது சிவந்தது. அதற்குப் பதில் ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். "நேத்து ஓடினது இதுல இருக்கற ப்ரோக்ராம்தான். ஆஸ்பத்திரிக்காரங்களே எழுதிக் கொண்டு வந்தது. இதுல ஒரு தப்பும் கிடையாது."

கேட்காமலே கொடுக்கப்படும் சான்றிதழ் என்றால் அண்ணிக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பென் டிரைவின் கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்துகொண்டு, தன் கடைக்குத் தானே தீ வைத்தவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். அண்ணன் பொய் சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டான். எனக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காததால் நான் உதவியாளர் ஆனேன். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. வீட்டில் வேறு மாதிரி சொல்வார்கள்.

கறாரின் இடம் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. நாற்பதைத் தாண்டிய பெண்மணி. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு, முன்னால் இருந்த திரையை முறைத்துக்கொண்டிருந்தார். அழுத மாதிரி தெரியவில்லை. யாரையாவது அழவைக்கக் காத்திருந்த மாதிரிதான் இருந்தது.

"போலீஸா?"

"துப்பறியறவங்க," என்றார் அண்ணி.

"எம்.டி. பக்கமா?"

"கூப்பிட்டது அவர். பக்கம் எதுவும் நான் இன்னும் எடுக்கல. அந்தத் தாள்ல கையெழுத்து போடப்போறீங்களா?"

"போட்டா, திருடின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. போடலன்னா போலீஸ் ஸ்டேஷன். ரெண்டுல எது நடந்தாலும் என் கதை முடிஞ்சுது மேடம். அடுத்தவங்க மெமரியை எட்டிப் பாக்கறவன்னு பேரு வந்துட்டா, அப்புறம் எந்தக் கம்பெனியிலயும் கெர்னல் பக்கமே விடமாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான்."

"கெர்னல்னா?" என்றேன்.

கறார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மனம் இரங்கினார்.

"ஒரு லாட்ஜ்னு வெச்சுக்கங்க. கவுன்ட்டர்ல உக்காந்திருக்கற மேனேஜர்தான் கெர்னல். படம் காட்டற ப்ரோக்ராம் எதுவா இருந்தாலும் கிராபிக்ஸ் மெமரியில ஒரு ரூம் வேணும். நேரா உள்ள நுழைய முடியாது. எவ்வளவு பெருசு, என்ன வகைன்னு கட்டம் கட்டமா இருக்கற ஒரு சீட்டை நிரப்பிக் குடுக்கணும். கெர்னல் சரிபாத்து ஒரு டோக்கன் குடுக்கும். அந்தச் சீட்டுல என்னென்ன கட்டம் இருக்கணும், என்ன எழுதினா உள்ள விடணும், என்ன எழுதினா விரட்டணும், அதை முடிவு பண்றதுதான் என் வேலை."

"இதுல சண்டை போட என்ன இருக்கு?"

"ஒரு தடவை வெளியே குடுத்துட்டா அந்தச் சீட்டை மாத்தவே முடியாது. அதை நம்பி ஊரெல்லாம் ப்ரோக்ராம் எழுதிடுவாங்க. அப்புறம் நாம ஒரு கட்டத்தை நகர்த்தினா அத்தனையும் படுத்துடும். தப்போ சரியோ, ஆயுசுக்கும் அதோடதான் குடும்பம் நடத்தணும்."

"கல்யாணம் மாதிரி."

"இதை உங்க அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?" என்றார் அண்ணி. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அண்ணி புகைப்படத்தை எடுத்துக் கறாரின் முன்னால் வைத்தார். நேற்று பின் வரிசையிலிருந்து பார்த்தபோது ஒரு நீலத் திட்டு மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குள் எம்.டி. ஒயரைப் பிடுங்கிவிட்டார். இப்போது தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். முகம் மாறியது.

"இதை யாரும் போடல மேடம். இது மிச்சம்."

"மிச்சமா?"

"மெமரியில படம் படமா இருக்காது. எல்லா வரிசையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ஒரே நூல் மாதிரி இருக்கும். எங்க வெட்டி அடுத்த வரிசைக்குப் போகணும்ங்கறது படத்தோட அகலத்தைப் பொறுத்தது. ஒருத்தர் விட்டுட்டுப் போனதை இன்னொருத்தர் வேற அகலத்துல வெட்டினா ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போகும். அதான் இந்தச் சரிவு. சில ப்ரோக்ராம் சிவப்பை முதல்ல எழுதும், சிலது நீலத்தை. மாத்திப் படிச்சா மனுஷத் தோல் நீலமாயிடும். பச்சை ரெண்டுலயும் நடுவுலதான் இருக்கு, அதனால அது மட்டும் பச்சையாவே நிக்கும்."

அண்ணியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அந்த வெளிச்சம் பிடிக்காது. அது வந்தால் அடுத்து எனக்கு வேலை வரும்.

"கத்தரிக்கோல் இருக்கா? தம்பி, இந்த முகத்தைக் குறுக்கால மெல்லிசு மெல்லிசா வெட்டு."

ஒன்றாம் வகுப்பில்கூட என்னிடம் இப்படி வேலை வாங்கியதில்லை. வெட்டினேன். அண்ணி அந்தத் துண்டுகளை மேசைமேல் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் முந்தையதைவிடக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார். சரிவு நிமிர்ந்தது. முதலில் ஒரு தாடை. பிறகு ஊதிய கன்னங்கள், மேலெல்லாம் பச்சைப் பூச்சு. வெளியே தொங்கிய நீல வஸ்து ஒரு நாக்கு. கடைசியாக மேலே இரண்டு புருவங்கள் வந்து நடுவில் கைகுலுக்கிக்கொண்டன.

"அண்ணி, இந்தப் புருவத்தோட நாம இப்பதான் பேசிட்டு வந்தோம்."

கறார் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குப் பின்னாலிருந்து சிரிப்பு பீறிட்டது.

"கடவுளே, எம்.டி.! தினமும் கதவைச் சாத்திக்கிட்டு ஆ, ஈ, ஊன்னு சத்தம் குடுப்பார். நாங்க பல் வலின்னு நெனச்சுப் பாவப்பட்டுக்கிட்டிருந்தோம்."

"முகப் பயிற்சி," என்றார் அண்ணி. "வீடியோ கால்ல வாத்தியார் சொல்லித் தர, கன்னத்துல பச்சைப் பூச்சைப் பூசிக்கிட்டு, நாக்கை நீட்டிப் பழகறது. கூட்டத்துல பேசறதுக்கு முன்னாடி ஒரு தைரியத்துக்குச் செஞ்சிருக்கார். அதே லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு நேரா டெமோவுக்கு வந்துட்டார். அவரை அவமானப்படுத்த நெனைக்கறவங்க முகம் அடையாளம் தெரியற மாதிரி போட்டிருப்பாங்க. கோணலா, நீலமா போட்டு யாருக்கு என்ன சந்தோஷம்? நேத்து அந்த ஹால்ல அது யாருன்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். அதான் ஒயரைப் பிடுங்கியிருக்கார்."

"அப்ப இவங்க மேல தப்பே இல்ல. கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?" என்றேன்.

கறாரின் சிரிப்பு நின்றிருந்தது.

"முடியல தம்பி. எங்க லாட்ஜ்ல பழைய ஆளோட மிச்சம் இருக்கவே கூடாது. புது ஆளுக்கு ரூமைக் குடுக்கறதுக்கு முன்னாடி கெர்னல் கட்டாயம் துடைச்சுடும். அது என் டிசைன்."

"துடைக்காம விடறதுக்கு வழியே கிடையாதா?" அண்ணி மெதுவாகக் கேட்டார்.

கறார் கண்ணாடியை மறுபடி தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணு இருக்கு. துடைக்க நேரம் ஆகும். அது எவ்வளவுன்னு அளந்து பாக்கறதுக்காகச் சீட்டுல காலியா விட்ட ஒரு கட்டத்துல நான் ஒரு குறி வெச்சேன். அந்தக் குறி இருந்தா கெர்னல் துடைக்காம குடுத்துடும். சோதனைக்கு மட்டும். வெளியே விடறதுக்கு முன்னாடி எடுத்துடலாம்னு இருந்தேன். அது அங்க இருக்கறது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது."

"ஆஸ்பத்திரி ப்ரோக்ராம் தெரியாத்தனமா அந்தக் குறியை எழுதியிருந்தா? காலிக் கட்டத்துல ஏதோ பழைய கிறுக்கல் கிடந்து, அதுல இதுவும் ஒண்ணா?"

"அதுக்குத்தான் காவல் போட்டிருக்கேனே. அந்தக் கட்டத்துல என் குறியைத் தவிர வேற ஒரு புள்ளி இருந்தாலும் 'செல்லாத கோரிக்கை'ன்னு கெர்னல் வெளியே தள்ளிடும். கிறுக்கல் உள்ள வர வழியே இல்ல. என் குறி மட்டும் தனியா, சுத்தமா இருந்தாத்தான் உள்ள விடும்."

அதாவது, தெரிந்தே யாரோ வைத்திருக்க வேண்டும். தெரிந்தவர் ஒரே ஒருவர். கறாரின் கறாரே கறாரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, காப்பாத்தப் போறீங்கன்னு நெனச்சேன். இப்படிக் கழுத்துல மாலை போடற மாதிரி சுருக்கைப் போட்டுட்டீங்களே."

அண்ணி காதில் வாங்கவில்லை. பென் டிரைவை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"கறார்ங்கற பேரு உங்களுக்கு ஏன் வந்துச்சு?"

"புதுசா எந்த ப்ரோக்ராம் வந்தாலும் முதல் தடவை என் கெர்னல் விரட்டாம விட்டதில்ல. எல்லாருமே ஏதாவது ஒரு கட்டத்தைச் சரியா நிரப்பாம வருவாங்க. விரட்டு வாங்கினவர் மாடிக்கே டீ வாங்கித் தரணும்னு இங்க ஒரு வழக்கம் வேற ஆயிடுச்சு. அந்த 'செல்லாத கோரிக்கை'யைப் பாத்ததும் யாரும் சொல்லவே வேணாம், அவங்க கை தானா போனை எடுத்து டீ சொல்லிடும்."

"நேத்து டீ வந்துச்சா?"

"காலையில வந்துச்சே. தாடின்னு ஒருத்தர் வாங்கினார்."

"அவரோட எந்த ப்ரோக்ராமை விரட்டினீங்க?"

கறார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "எதையும் இல்ல. டெமோ நாள்னு காலையில யாரும் ஒரு வரிகூட எழுதல. சும்மா உக்காந்திருந்தோம்."

"அப்ப எதுக்கு டீ?" என்றார் அண்ணி. அதற்குள் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தார்.

தாடி என்பவருக்கு முகம் எங்கே முடிந்து தாடி எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்வது கஷ்டம். கறாரோடு சேர்ந்து டிரைவர் எழுதுகிறவர். எங்களைப் பார்த்ததுமே கையிலிருந்த பிஸ்கட்டை டீக்குள் தவறவிட்டார்.

"நேத்து மாடிக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்தீங்களாமே?"

"பிறந்தநாள் மேடம்."

"வாழ்த்துக்கள்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஈரமாக இருந்தது.

"கழுத்துல தொங்கற அட்டையில வேற மாசம் போட்டிருக்கே," என்றார் அண்ணி.

தாடி அட்டையைத் திருப்பி வைத்தார். "எனக்கு இப்பதான் மேடம் வேலை நிரந்தரம் ஆச்சு. தயவுசெஞ்சு என்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

"கேக்கல," என்ற அண்ணி, பென் டிரைவைக் கயிற்றோடு தொங்கவிட்டு இடப்பக்கம் ஆட்டினார். தாடி இடப்பக்கம் போனது. வலப்பக்கம் ஆட்டினார். தாடியும் வலப்பக்கம் வந்தது.

"ரொம்ப நன்றி," என்றார் அண்ணி. "தம்பி, போய் எம்.டி.யைக் கூட்ட அறைக்குக் கூட்டிட்டு வா. எப்படிச் செஞ்சாங்கன்னு காட்டப்போறேன்னு சொல்லு. ஓடி வருவார்."

ஓடித்தான் வந்தார். ஒரு கையில் ராஜினாமா, இன்னொரு கையில் பேனா. அதே கூட்ட அறை, அதே பெரிய திரை. லேப்டாப் பீரோவில் பத்திரமாக இருந்ததால் கறாரின் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து திரையோடு இணைத்திருந்தார்கள். அதில் இருந்தது கறார் எழுதிய டிரைவர், எழுதியது எழுதியபடியே. தாடி சுவர் ஓரமாக, சுவருக்குள்ளேயே போய்விட முடியுமா என்று பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

கறார் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தச் சோதனை அவருக்கு எதிராகப் போனால் அந்தப் பேனாவை வாங்குவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

"நேத்து என்ன ஓடுச்சோ அதையே ஓட்டிக் காட்டறேன் சார்," என்றார் அண்ணி. பென் டிரைவைச் செருகி, ஆஸ்பத்திரி ப்ரோக்ராமைத் தட்டிவிட்டார்.

இதயம் வரவில்லை. நீல நாக்கும் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே வரி வந்து நின்றது: செல்லாத கோரிக்கை.

"சே! மறுபடியும் இந்தச் சனியனா?" எம்.டி. மேசையைத் தட்டினார். "இதைத்தான் நேத்து காலையிலயே எடுத்துத் தொலைன்னு தாடிகிட்ட சொன்னேனே!"

எம்.டி.யின் கை மேசைமேல் தட்டிய இடத்திலேயே இருந்தது.

"எதை சார்?" என்றேன், எனக்குத் தெரிந்த மிகப் பணிவான குரலில்.

புருவங்கள் கைகுலுக்குவதை நிறுத்திக்கொண்டன. தாடிதான் முதலில் வாயைத் திறந்தார். ஒரு நாளாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"சார் காலையில ஒரு ஒத்திகை பாக்கணும்னு என்னை ரூமுக்குக் கூப்பிட்டார் மேடம். பென் டிரைவைப் போட்டோம். இதே வரிதான் வந்துச்சு. பழக்க தோஷத்துல நான் டீ சொல்லிட்டேன். ப்ரோக்ராம்ல ஒரே ஒரு கட்டத்தைக் காலி பண்ணாம விட்டிருக்காங்க, அவங்ககிட்ட சொன்னா உடனே சரி பண்ணிடுவாங்கன்னு சொன்னேன். அதுக்கு சார், 'வாங்க வர்றவங்ககிட்டயே உங்க ப்ரோக்ராம் தப்புன்னு சொல்றதா? அந்தக் காவலை எடு'ன்னார். கறாரைக் கேக்கணும்னேன். 'கேட்டா விடமாட்டா, நீ எடு'ன்னார். எடுத்துட்டேன். அவர் லேப்டாப்ல மட்டும்."

கறார் எழுந்து நின்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"காவல் இல்ல. சீட்டுல பழைய கிறுக்கல் அப்படியே உள்ள போயிருக்கு. அந்தக் கிறுக்கல்ல என் குறியும் ஒண்ணா கலந்திருந்திருக்கு. துடைக்காத ரூமைக் குடுத்திருக்கு. உள்ள நீங்க நாக்கை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அது நீங்கதான்னு தெரிஞ்சே அத்தனை பேர் முன்னாடி என்னைக் கையைக் காட்டித் திருடின்னு சொன்னீங்க."

"எனக்கு இந்தக் கட்டம் கிட்டமெல்லாம் புரியாதும்மா. ஒரு பதட்டத்துல சொல்லிட்டேன். சரி, விடு." எம்.டி. ராஜினாமாவை நான்காகக் கிழித்தார். "முடிஞ்சுது. போய் உன் வேலையைப் பாரு."

"முடியல சார். எங்க வெச்சுத் திருடின்னு சொன்னீங்களோ அவங்ககிட்டயே இல்லன்னு சொல்லணும்."

"டாக்டரம்மாகிட்டயா? என்னன்னு சொல்றது? அந்த உறுப்பு நான்தான்னா? ஆர்டரே போயிடும்மா!"

"என் பேரு நேத்தே போயிடுச்சு."

எம்.டி. அண்ணியின் பக்கம் திரும்பினார். "மேடம், உங்களைக் கூப்பிட்டது நான்!"

"எப்படி நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கக் கூப்பிட்டீங்க. கண்டுபிடிச்சுட்டேன். உங்களுக்குப் பிடிச்ச மாதிரி கண்டுபிடிக்கணும்னு சொல்லவே இல்லையே."

நான் சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டுகளை எடுத்தேன். ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டி, நிமிர்த்தி, பார்க்க லட்சணமாக வைத்திருந்தேன். "அண்ணி, இதை நோட்டீஸ் போர்டுல மாட்டட்டுமா, இல்ல உறையில போட்டு ஆஸ்பத்திரிக்கே அனுப்பிடட்டுமா?"

எம்.டி. அந்த அட்டையையே பார்த்தார். தன்னைத் தானே இவ்வளவு நேராக அவர் இதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னது அண்ணி.

"சொல்லுங்க," என்றது டாக்டரம்மாவின் குரல். "அது எந்த உறுப்புன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது டாக்டர்." எம்.டி. அட்டையிலிருந்து கண்ணை எடுத்தார். "அது நான்தான்."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். "தோல் டாக்டரைப் பாருங்க," என்றார் டாக்டரம்மா. "நாக்குக்கு வேற ஆள்."

எம்.டி. சொன்னார். திக்கித் திணறி, நடுவில் இரண்டு தடவை பொய்க்குள் வழுக்கி, அண்ணி பார்த்த பார்வையில் திரும்பி வந்து, எல்லாவற்றையும் சொன்னார். காவலை எடுக்கச் சொன்னது தானே என்றார். அந்தம்மா திருடி இல்லை என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் திக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு ஒரு சின்ன மரியாதை வந்தது. சின்னதுதான்.

டாக்டரம்மாவின் குரலில் விளையாட்டுப் போய்விட்டது. "எங்க தியேட்டர்ல இது நடந்திருந்தா, ஒரு நோயாளியோட படத்துக்குள்ள முன்னால வந்தவரோட படம் கலந்திருக்குமா?"

"கலந்திருக்கும் டாக்டர்," என்றார் கறார். "அந்தக் காவல் இருந்தா கலக்காது. உங்க ப்ரோக்ராமே ஓடாது. இன்னொண்ணும் சொல்லணும். துடைக்காம விடற அந்த வழியைச் சோதனைக்காக வெச்சது நான். காவலை நம்பி அதை விட்டு வெச்சேன். எடுத்திருக்கணும். அது என் தப்பு."

எம்.டி. தலையில் கை வைத்துக்கொண்டார். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது போலும். எனக்கும்தான் திகைப்பாக இருந்தது. அப்போதுதான் தப்பித்து வெளியே வந்தவர், தானே திரும்பி உள்ளே நடந்துபோய் நிற்கிறாரே என்றிருந்தது.

"எங்க ப்ரோக்ராமைச் சரி பண்ண எங்க ஆளுக்குக் கொஞ்ச நாள் ஆகும்மா," என்றார் டாக்டரம்மா. "எங்களுக்கு அவசரம். அதுவரைக்கும், இந்த ஒரு ப்ரோக்ராமை மட்டும், காவலைக் கொஞ்சம் தளர்த்தி உள்ள விட்டுடுங்களேன். மத்தவங்களுக்கு எப்பவும் போல இருக்கட்டும்."

எம்.டி.யின் முகத்தில் உயிர் வந்தது. சரி என்று சொல், சரி என்று சொல் என்று கைகள் இரண்டும் கறாரைப் பார்த்துக் கெஞ்சின. வேலை திரும்பக் கிடைத்து முழுசாகக் கால் மணிகூட ஆகியிருக்காது. ஒரே ஒரு சரி. ஆர்டரும் இருக்கும், முதலாளியும் குளிர்ந்துவிடுவார்.

கறார் போனைப் பார்த்தார்.

"முடியாதுங்க."

எம்.டி. நாற்காலியில் சரிந்தார். இணைப்பு போய்விட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். போகவில்லை.

"எம்.டி. சார் இருக்காரா?" என்றது குரல்.

"இருக்கேன் டாக்டர்."

"நாங்க ப்ரோக்ராமைச் சரி பண்ணிட்டே வர்றோம். அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் தெரியணும். நாங்க வரும்போது அந்தம்மா அங்க வேலையில இருப்பாங்களா?"

எம்.டி. மேசைமேல் கிடந்த நான்கு துண்டுத் தாளைப் பார்த்தார். கறாரைப் பார்த்தார்.

"இருப்பாங்க டாக்டர். அவங்க உள்ள விட்டா நானும் இருப்பேன்."

கறார் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரிக்க ஆரம்பித்தேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார்.